செருப்புக்கு நம்பர் கேட்கிறவர்கள் சைக்கிளுக்கு ஏன் கேட்பதில்லை?

கம்மாபுரத்தில் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து இறங்குகிற ஒரு அப்பாவையும், ஒன்பதாவது படிக்கிற பையனையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் செருப்புக் கடை. முந்நூறு ரூபாய்ச் செருப்பு. "ஏழாம் நம்பர் குடுங்க." போட்டுப் பார்க்கிறான். "நடந்து பாருடா. கட்ட விரல் இடிக்குதா? பின்னாடி எவ்ளோ எடம் இருக்கு?" ஏழு, எட்டு, திரும்ப ஏழு. கால் மணி நேரம் போகிறது.

அடுத்தது சைக்கிள் கடை. பத்தாயிரத்தைச் சுற்றி விலை.

"தம்பி என்ன படிக்குது?"

"ஒம்பதாவதுங்க."

"அப்ப இருபத்தாறு இன்ச் எடுத்துக்கங்க. முன்னாடியும் ஷாக், பின்னாடியும் ஷாக். சும்மா பைக் மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான், முடிந்தது. பையனின் கால் நீளத்தை யாரும் அளக்கவில்லை. சீட்டில் ஏற்றி ஒரு சுற்று விடச் சொல்லவும் இல்லை. அப்பா கேட்டது ஒரே கேள்வி: "காத்து அடிக்கிற பம்ப் ஃப்ரீயா?"

முந்நூறு ரூபாய்க்குக் கால் மணி நேரம், பத்தாயிரத்துக்கு மூன்று நிமிஷம். இதில் கடைக்காரர் மட்டும் குற்றவாளி இல்லை. "வளர்ற பையன், பெருசாவே எடுத்துக்கலாம்" என்கிற அப்பா, "டபுள் ஷாக்தான் வேணும்" என்று அடம் பிடிக்கிற பையன், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே அச்சில் சைக்கிள் கொடுக்கிற அரசாங்கம், எல்லோரும் கூட்டாளிகள். மாட்டிக்கொள்வது முழங்கால்.

முதல் ஏமாற்று: 26 இன்ச் என்பது சைக்கிளின் அளவே இல்லை

26 இன்ச், 27.5 இன்ச், 29 இன்ச் என்று கடையில் சொல்வதெல்லாம் சக்கரத்தின் அளவு. அதற்கும் ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. சட்டை வாங்கப் போன இடத்தில் "பட்டன் என்ன சைஸ்?" என்று கேட்பது மாதிரி.

அந்தச் சக்கர அளவே ஒரு குழப்பம். மலை சைக்கிளின் 26 இன்ச் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ. பழைய சாதா சைக்கிளில் 26 x 1⅜ என்று போட்டிருக்குமே, அதன் ரிம் 590 மி.மீ. இரண்டும் "26"தான், ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 29 இன்ச் என்று புதுசாக வந்த சமாச்சாரமோ, ரேஸ் சைக்கிளின் 700சி ரிம்மேதான், 622 மி.மீ. பெயரில் மட்டும்தான் புதுமை.

ஆளுக்கு ஆள் மாற வேண்டியது பிரேமின் அளவு. பெடல் சுற்றுகிற அச்சின் மையத்திலிருந்து சீட் குழாயின் மேல் முனை வரை உள்ள நீளம். அதையும் இன்ச்சில்தான் சொல்வார்கள். மலை சைக்கிளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சுவரோடு ஒட்டி, வெறுங்காலில், தொடை இடுக்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்று, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இதுதான் உள்கால் நீளம். அதை சென்டிமீட்டரில் எடுத்து 0.225ஆல் பெருக்கினால் பிரேம் அளவு இன்ச்சில் ஏறக்குறைய வந்துவிடும். 70 செ.மீ. என்றால் 16 இன்ச் பக்கம். 80 என்றால் 18. 88 என்றால் கிட்டத்தட்ட 20.

ஒரே வகுப்பில் படிக்கிற மூன்று பேருக்கு மூன்று பிரேம் என்று இதற்கு அர்த்தம். ஆனால் விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பிரேம் அளவுதான் இருக்கும். நிறம் மட்டும் ஐந்து!

குரங்கு பெடல் பெருமையை விடுங்கள்

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு வாதத்தோடு வருவார்கள். "நாங்கெல்லாம் அளவு பாத்தா ஓட்டுனோம்? அப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டே கத்துக்கிட்டோம்." 2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு படமும் வந்தது. பார்த்தவர்கள் உருகினார்கள். உருகட்டும், தப்பில்லை.

ஆனால் குரங்கு பெடல் ஏன் வந்தது என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டால் உருக்கம் கொஞ்சம் குறையும். பழைய கறுப்பு சைக்கிளின் பிரேம் 22 இன்ச் அல்லது 24 இன்ச். 22 இன்ச் என்பது 56 செ.மீ. பெடல் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். கூட்டினால் குறுக்கு பார் 86 செ.மீ. உயரம். உள்கால் 65, 70 செ.மீ. உள்ள பையன் அதன் மேல் காலைப் போட்டு நிற்கவே முடியாது. அதனால்தான் பாருக்கு அடியில், முக்கோணத்துக்குள் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அரை வட்டம் அரை வட்டமாக மிதித்தான். ஆசைப்பட்டு செய்த சாகசம் இல்லை அது, வேறு வழியில்லாத சாமர்த்தியம். வீட்டில் ஒரே சைக்கிள், அதுவும் அப்பாவுடையது. வறுமைக்குப் பிறந்த ஒரு பழக்கத்தை வசதி வந்த பிறகும் தத்துவமாக்குவது என்ன நியாயம்?

இன்றைக்கு அந்தப் பையனுக்கென்றே ஒரு சைக்கிள் வாங்குகிறார்கள். அதையும் அவனுக்குப் பொருந்தாமல் வாங்கினால் அது குரங்கு பெடலின் அடுத்த அவதாரம்தான். காசு கொடுத்து வாங்கிய குரங்கு பெடல்.

சீட்டை ஏற்றுங்கள் சாமி

கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் எந்த ரோட்டில் வேண்டுமானாலும் காலையில் நின்று பாருங்கள். பத்து சைக்கிள் போனால் பாதிக்கு மேல் சீட் தாழ்ந்திருக்கும். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரை முட்டுகிற அளவுக்கு. காரணம் ஒரு பழைய உபதேசம்: "உக்காந்தா ரெண்டு காலும் தரையில ஊனணும்."

இதைவிடத் தப்பான உபதேசம் சைக்கிள் உலகத்தில் இல்லை. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தால், பெடல் கீழே போகும்போது கால் நீளவே நீளாது. மடங்கிய முழங்காலோடு ஒவ்வொரு மிதியும் மிதிக்க வேண்டும். முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் அழுத்தம் ஏறும். முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உட்கார்ந்து எழுந்து தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே பத்து கிலோமீட்டர் போவதற்குச் சமம் அது.

சரியான உயரத்துக்கு எந்த மெஷினும் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெடலைக் கீழே கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வைக்க வேண்டும். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு சாயக்கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும். கணக்குப் பிடித்தவர்களுக்கு: உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம். 80 செ.மீ. காலுக்கு 70.6 செ.மீ. இன்னொரு கணக்கு 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து வந்தது: பெடல் கீழே இருக்கும்போது பெடலிலிருந்து சீட் வரை, உள்கால் நீளத்தில் 109 சதவீதம். ஆக விஷயம் ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசு. விருத்தாசலம் வந்து சேரத்தான் இன்னும் பஸ் கிடைக்கவில்லை போல.

"சீட் ஏத்துனா நிக்கும்போது விழுந்துடுவானே?" நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி, பாருக்கு மேல் நின்று கால் ஊன்ற வேண்டும். அதற்குத்தான் பாருக்கும் இடுக்குக்கும் நடுவில் மலை சைக்கிளில் குறைந்தது இரண்டு இன்ச் இடைவெளி கேட்கிறார்கள். இரண்டு நாளில் பழகிவிடும் விஷயம்.

வேகமும் சுகமும் எதிரெதிர் என்று நினைப்பதும் இங்கேதான் உடைகிறது. சீட் சரியான உயரத்தில் இருந்தால் அதே மூச்சுக்கு அதிக தூரம். முழங்காலும் தப்பிக்கும். வேகம் வேண்டும் என்பவனுக்கும் வலி வேண்டாம் என்பவளுக்கும் மருந்து ஒன்றுதான், அதுவும் ஒரு ஸ்பேனர்தான்.

இப்போது ஷாக் புராணம்

மலை சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா, மவுண்ட் டமல்பையஸ். 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்ற செங்குத்தான மண் பாதையில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி கூட்டம் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் விட்டது. அவற்றில் இன்றைய மாதிரி ஷாக் எதுவும் கிடையாது. ராக்‌ஷாக்ஸ் கம்பெனி தொடங்கியதே 1989இல். அதாவது மலை சைக்கிள்காரர்கள் பத்து வருஷத்துக்கு மேல் மலையிலேயே ஷாக் இல்லாமல் ஓட்டினார்கள். கம்மாபுரத்தில் மலை எங்கே இருக்கிறது? ஏரிக்கரை ஏறி இறங்கினால் அதுதான் அதிகபட்ச உயரம்.

ஷாக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நல்ல ஷாக்கில் இரண்டு வேலை இருக்கிறது. ஸ்பிரிங் அமுங்க வேண்டும், அமுங்கியது துள்ளாமல் மெதுவாகத் திரும்ப வேண்டும். இரண்டாவது வேலையை எண்ணெய் ஓடுகிற டேம்பர் செய்யும். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்ததுமே அது மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை அமுங்கி நிற்க வேண்டும். இதை ஆளின் எடைக்கேற்ப சரிசெய்துகொள்ள வசதி இருக்கும்.

மலிவு சைக்கிளில் இருப்பது என்ன? பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங். டேம்பர் கிடையாது. பெரிய ஆளின் எடையைத் தாங்குகிற ஸ்பிரிங்குக்கு மேல் 40 கிலோ பையன் உட்கார்ந்தால் அது அசையாது. அசையாத ஷாக் என்பது வெறும் இரும்பு. அசைந்தாலோ, துள்ளும். எழுந்து நின்று மிதித்தால் போட்ட பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கி எடுக்கவே போகும். பின்பக்க ஷாக்கில் இன்னும் கொடுமை. பிரேமின் நடுவில் ஒரு மூட்டு, அதில் புஷ். மழையிலும் புழுதியிலும் புஷ் தேய்ந்ததும் சக்கரம் பக்கவாட்டில் ஆடும், 'கீச் கீச்' என்று கத்தும்.

இதெல்லாம் போக, பெரிய இழப்பு ஒன்று: பெரும்பாலான டபுள் ஷாக்கில் கேரியர் மாட்ட முடியாது. மட்கார்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. சாப்பாட்டுப் பையையும் புத்தக மூட்டையையும் முதுகில் சுமந்துகொண்டு, தங்கச்சியை ஏற்ற இடமில்லாமல், மழை நாளில் முதுகு முழுக்க சேற்றுக் கோலத்தோடு போகிற வண்டிக்குப் பெயர் மாடர்ன்.

"ரோடு மோசமா இருக்கே, ஷாக் வேணாமா?" நியாயமான கேள்வி. பதில் 1888இல் வந்துவிட்டது. டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தார். சைக்கிளின் முதல் ஷாக் அப்சார்பர் அந்தக் காற்றுதான், இன்றைக்கும் சிறந்ததும் அதுதான். இரண்டு இன்ச் அகல டயரில் கல் மாதிரி காற்றடித்துவிட்டு "குலுக்குது, ஷாக் போடு" என்பது, சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு சமையல்காரரை மாற்றுகிற கதை. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லைக்குள், ஆளின் எடைக்கேற்ப கொஞ்சம் குறைத்து அடித்தாலே பாதி அதிர்வு போய்விடும். நெய்வேலிப் பக்கம் முந்திரித் தோப்பு செம்மண்ணில் சக்கரம் புதைவதற்கும் அதே வைத்தியம்தான். மணலில் ஷாக் என்ன செய்யும்?

வேகத்துக்கு வந்தால், சமதளத்தில் வேகத்தைத் தின்பது எடையைவிடக் காற்று. 15 கி.மீ. வேகத்திலிருந்து 20க்குப் போனால் காற்றைத் தள்ளச் செலவாகும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும். ஆடி மாத எதிர்காற்றில் மிதித்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம். அங்கே உதவுவது கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார முடிகிற, கைக்கு எட்டுகிற ஹேண்டில்பார். அதுவும் பிரேம் அளவு சம்பந்தப்பட்டதுதான். பிரேம் நீளமாக இருந்தால் கையை முழுசாக நீட்டிப் பிடித்துக் கழுத்து வலிக்கும். குட்டையாக இருந்தால் முதுகு கூனும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதுதான் அடையாளம். சுற்றிச் சுற்றி எல்லாம் அளவில்தான் வந்து நிற்கிறது.

அரசாங்க சைக்கிளும் பீங்கான் பொம்மையும்

தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது இலவச சைக்கிள் திட்டம். இதைக் கிண்டல் செய்கிறவர்களோடு இந்தக் கட்டுரைக்கு எந்த உறவும் இல்லை. சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை எழுதி உலகமே படித்தது. அதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள், ஏனென்றால் முன்பக்க பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். அதாவது எந்த சைக்கிள் எதற்கு வேண்டும் என்று ஓட்டுகிறவளுக்குத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணமாகவே கொடுத்தார்கள், 2000 ரூபாய். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று சொல்கிறது அது. தூரம்தான் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது, சைக்கிள் அந்தத் தூரத்தை உடைக்கிறது. அதனால்தான் அளவு என்பது சின்ன விஷயம் இல்லை. ஓட்டவே சங்கடமான சைக்கிளில் அந்தப் பெண் எத்தனை நாள் போவாள்? ஒரு வாரம் போவாள். அப்புறம் அது அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ போகும். அவள் பழையபடி நடப்பாள், அல்லது நிற்பாள்.

மாணவருக்கு ஒரு மாடல், மாணவிக்கு ஒரு மாடல். நாலே முக்கால் அடிப் பெண்ணுக்கும் அஞ்சேகால் அடிப் பெண்ணுக்கும் அதே சைக்கிள். அதே அரசாங்கம் இலவசக் காலணி கொடுக்கும்போது நம்பர் பார்த்துக் கொடுக்கிறது. எல்லோருக்கும் ஆறாம் நம்பர் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சைக்கிளுக்கு ஏன் யாரும் சிரிக்கவில்லை?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். கம்மாபுரத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரே அச்சில் களிமண் கூழை ஊற்றினால் நூறு பொம்மையும் ஒரே அளவில் வரும். சூளையில் சுட்டால் மண் சுருங்கும் என்று தெரிந்து அச்சையே பெரிதாகச் செய்கிற கெட்டிக்காரர்கள் அவர்கள். மண்ணுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊரில், பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அச்சில் வார்த்த பொம்மைகள் இல்லையே.

"ரெண்டு மூணு அளவுன்னா டெண்டர் சிக்கல், செலவு கூடும்" என்பார்கள். பத்தாம் வகுப்பு முடிவிலேயே உயரம் எழுதி வாங்கினால் எத்தனை சிறிசு, எத்தனை பெரிசு என்ற எண்ணிக்கை வந்துவிடும். இரும்புக் குழாயை இரண்டு இன்ச் குறைத்து வெட்டுவதில் பெரிய செலவு என்ன? பீகார் மாதிரி பணமாகக் கொடுக்கலாமே என்றால், பணம் வேறு செலவுக்குப் போகும் என்ற பயம் நியாயமானது. கடைக்காரர் தள்ளிவிடுவதைத்தான் வாங்குவார்கள் என்பதும் உண்மை. சரி, பணம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு அளவு போதும். அதுவும் முடியாதென்றால், கொடுக்கிற அன்றைக்குப் பள்ளி வாசலில் இரண்டு மெக்கானிக்கை ஸ்பேனரோடு உட்கார வையுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம். சீட்டை அவரவர் காலுக்கு ஏற்றிக் கொடுக்கட்டும். மேடையில் மாலை, சால்வைக்கு ஆகிற நேரத்தில் பாதி ஆகாது.

"வளர்ற பையன்" வாதத்துக்குக் கடைசியாக

வளர்வான், உண்மைதான். அதனால்தான் பெரிய பிரேம் வாங்கக் கூடாது. சின்ன பிரேமில் சீட்டை ஏற்றலாம், நீளமான சீட் குழாய் வாங்கிப் போடலாம், ஹேண்டில்பாரை உயர்த்தலாம். பெரிய பிரேமைச் சின்னதாக்க எந்த ஸ்பேனரும் கிடையாது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால் பிள்ளைகளுக்குச் சின்னதுதான். சீட்டை ஏற்றும்போது குழாயில் 'மினிமம்' என்று ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. அது மட்டும்தான் எச்சரிக்கை.

பளபளப்பு வேண்டும் என்கிற பையனின் ஆசையும் ஆசைதான், அதைக் கொச்சைப்படுத்த வேண்டாம். நல்ல நிறத்தில், முன்பக்கம் சாதா ஃபோர்க்கோடு, அகல டயரோடு, கேரியர் மாட்ட ஓட்டை இருக்கிற சைக்கிளும் அழகாகத்தான் இருக்கிறது. ஷாக்குக்குப் போகிற காசில் நல்ல பிரேக்கும் நல்ல டயரும் கேட்டு வாங்கலாம்.

அடுத்த தடவை கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறுகிற அப்பா, கையில் ஒரு இன்ச் டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகட்டும். கடைக்காரர் "என்ன படிக்குது?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டாம். "பிரேம் எத்தன இன்ச்?" என்று திருப்பிக் கேட்கட்டும். பத்து அப்பாக்கள் கேட்டால் பதினோராவது அப்பாவுக்குக் கடைக்காரரே அளந்து கொடுப்பார்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு உடனே புது சைக்கிள் வாங்க ஓட வேண்டாம். வாசலில் நிற்கிற பழைய சைக்கிளின் சீட்டை முதலில் ஏற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும் :-)